ஓட்டோடு கப்பலேறும் கொட்டை

பாய்லர்காரர் மனிதர்களை அவ்வளவாக நம்புகிறவர் இல்லை. அழுத்தமானியின் முள்ளை நம்புவார். ஒரே முந்திரித் தொழிற்சாலையில் ஒரே பாய்லருக்கு முன்னால் இருபத்தாறு வருடம் நின்றவர் அவர். அந்த முள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. முதலாளி சொல்லியிருக்கிறார், மேனேஜர் மூச்சு விடுகிற மாதிரி சொல்வார். உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சச் சதையையும் அந்தச் சூடு உருக்கிவிட்டதால், சட்டை போட்ட குச்சி என்று அவருடைய மனைவி அவரைக் கேலி செய்வாள். செய்வாள் என்பது தப்பு. இரண்டு வருடத்துக்கு முன்புவரை செய்துகொண்டிருந்தாள்.

அவளும் அதே தொழிற்சாலைதான், உடைக்கும் கூடத்தில் வேலை. வேகவைத்து ஆறவிட்ட கொட்டையை இடது கையால் இரண்டு கத்திகளுக்கு நடுவே வைக்க வேண்டும். காலால் மிதியை அழுத்தி, வலது கையால் கைப்பிடியைத் திருப்பினால் ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு முழுசாக வெளியே வரும். மிதி அதிகமாக அழுந்தினால் பருப்பு நொறுங்கும், அழுத்தம் போதாவிட்டால் ஓடு வாய் திறக்காது. மற்றவர்கள் ஒரு கொட்டையை உடைக்கிற நேரத்தில் அவள் இரண்டை உடைப்பாள். அதனால் கூடத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். வாயும் எக்ஸ்பிரஸ்தான். கை ஒரு பக்கம் ஓட, ஊர்க்கதை ஒரு பக்கம் ஓடும். கூடத்தில் இருந்த அறுபது பெண்களும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தாலும் துடைக்க முடியாமல் தவிப்பார்கள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலையே பொசுக்கிவிடும். அந்தக் கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியுமா? எண்ணெய் ஊறி ஊறி அறுபது பேருக்கும் உள்ளங்கை கரிச்சட்டி மாதிரி கறுத்திருக்கும். ரேகையெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது.

கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. விசில் அடிக்காமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அரை நாள் கூலி போச்சு. காலையில் உட்கார ஒரு விசில், மதியம் சாப்பிட ஒன்று, திரும்ப உட்கார ஒன்று, சாயங்காலம் ஐந்துக்குக் கலைய ஒன்று. நாலையும் அடிப்பது பாய்லர் ஆவி. கயிறு பாய்லர்காரரின் தலைக்கு மேலே தொங்கும். "வீட்டுலயும் நீங்க கயிறு இழுத்தாத்தான் நான் எழுந்திரிக்கணுமா?" என்று புதுக் கல்யாணத்தில் அவள் கேட்டதை நினைத்து நினைத்து அவர் தனியாகச் சிரித்த நாட்கள் உண்டு.

வில்லங்கம் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பருப்பை வாங்குகிற நாடு ஒரு புது வரிப்பட்டியல் போட்டது. உரித்த பருப்பாக வந்தால் நூற்றுக்கு முப்பது வரி. ஓட்டோடு கொட்டையாக வந்தால் வரியே இல்லை. அவர்களும் அங்கே பெரிய பெரிய மெஷின்களை நிறுத்திவைத்திருந்தார்கள், அதற்குத் தீனி வேண்டாமா? நம் அரசாங்கம் லேசுப்பட்டதா? பச்சைக் கொட்டை கப்பலேறக் கூடாது, பதப்படுத்திய சரக்கு மட்டும்தான் போகலாம் என்று பதிலுக்கு ஓர் ஆணை போட்டது. உள்ளூர்ப் பெண்களின் வேலையைக் காப்பாற்றத்தான் இந்த ஆணை என்று அதன் முகப்பிலேயே எழுதியிருந்தது. ஆணை வந்த அன்று கூடத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் கூடத்தைப் பூட்டினார்கள்.

பாய்லர்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மேனேஜரிடமே கேட்டார்.

"பச்சைக் கொட்டை போகக் கூடாதுன்னுதானே சார் ஆர்டர்? அப்ப உடைச்சுத்தானே அனுப்பணும்?"

"உடைச்சா அவன் முப்பது போடுறான். எவன் வாங்குவான்? ஆர்டரை நல்லாப் படிச்சுப் பாருங்க. பதப்படுத்துறதுன்னா என்னென்னன்னு பட்டியல் இருக்கு. மொத வரியே வேகவைக்கிறதுதான். நீங்க வேகவச்சீங்கன்னா இங்க அது பதப்படுத்துன சரக்கு. ஓடு மேலயே இருக்கறதால அங்க அது கொட்டை. ரெண்டு பக்கமும் சுத்தம்."

"அப்ப உடைக்கிறது, காயவைக்கிறது, தோலுரிக்கிறது, தரம் பிரிக்கிறது எல்லாம்?"

"அங்க நடக்கும். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகல. உங்களாலதான் கம்பெனியே ஓடுது, போங்க."

மேனேஜர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். பாய்லர்காரருக்கு அது முள்ளாகக் குத்தியது. தன் ஆவியை வைத்துத்தான் மனைவியின் கூடத்தைப் பூட்டியிருக்கிறார்கள். இங்கே பதப்படுத்தியதாகப் புறப்படுகிற கொட்டை அங்கே பச்சையாகப் போய் இறங்குகிறது. நடுக்கடலில் எந்த இடத்தில் அது தான் வெந்ததை மறந்துபோகிறது என்று அவர் பலநாள் யோசித்திருக்கிறார். வேலையை விட்டுவிடலாம் என்றும் யோசித்தார். வீட்டில் இருவரும் சும்மா உட்கார்ந்தால் அடுப்பில் பூனை தூங்கும். அதனால் தினமும் போனார்.

மனைவி மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தாள். முதல் மாதம் முதலாளியைத் திட்டினாள், அதுகூட நன்றாயிருந்தது. ஆறாம் மாதம் கேட்டதற்கு மட்டும் பதில். ஒரு வருடத்தில் அதுவும் போயிற்று. வைத்தால் சாப்பிடுவாள், சொன்னால் படுப்பாள். உள்ளங்கையில் கறுப்பு உரிந்து, அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு தோல் வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ விட்டுவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டர் எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் அழுவாள். "அப்பா, அம்மா நான் பேசினா மூச்சுதான் விடுறாங்க. இன்னும் ரெண்டு மாசம் பாக்கறேன், அப்புறம் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவளை மகளிடம் அனுப்பிவிட்டு அந்த வீட்டில் தனியாக இருக்கப் பாய்லர்காரரால் முடியாது. அவளைத் திரும்பப் பழையபடி ஆக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. வரியாவது, ஆணையாவது!

கூடம் பூட்டிக் கிடந்தாலும் நாலு விசிலும் தவறாமல் அடிக்க வேண்டும் என்பது மேனேஜரின் உத்தரவு. தொழிற்சாலை முழுசாக நடக்கிறது என்று பதிவேட்டில் இருந்தது. ஒருநாள் எட்டு மணி விசிலை அடித்துவிட்டுப் பார்த்தால் மூக்குக்கண்ணாடியைக் காணோம். அது இல்லாமல் முள்ளைப் படிக்க முடியாது. எடுத்துவர வீட்டுக்கு ஓடினார். பத்து நிமிட நடை. உடைக்கும் கூடத்துப் பெண்கள் பாதிப் பேருக்கு அவருடைய தெருவில்தான் வீடு.

தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு சத்தம் கேட்டது. டப். டப். டப். முதல் வீட்டில் யாரோ துணி துவைக்கிறார்கள் என்று நினைத்தார். இரண்டாம் வீட்டிலும் டப், டப். எதிர் வீட்டிலும் அதேதான். திறந்திருந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தார். அந்த வீட்டு அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது பாதத்தைத் தரையில் அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தார். கையில் ஒன்றுமில்லை. கண் திறந்திருந்தது. பாய்லர்காரர் கூப்பிட்டும் அந்த அம்மா திரும்பவில்லை. நல்ல வெயில் அடிக்கிறது, தெருவில் சைக்கிள் போகிறது, காய்கறி வண்டி போகிறது. இத்தனைக்கும் நடுவில் வரிசையாக முப்பது வீட்டிலிருந்தும் அந்தப் பாதங்களின் சத்தம்!

தன் வீட்டுக் கதவைத் தள்ளினார். அவளும் உட்கார்ந்திருந்தாள். இடது கை மடியிலிருந்து எதையோ எடுத்தது, வைத்தது. கால் மிதித்தது. வலது கை திருப்பியது. மற்றவர்களைவிட இரண்டு மடங்கு வேகம். தோளைப் பிடித்து உலுக்கினார், பெயர் சொல்லிக் கத்தினார். கல்லிடம் கத்தியிருக்கலாம். பயந்துபோய், மூக்குக்கண்ணாடியையும் மறந்துவிட்டு, தொழிற்சாலைக்கு ஓடிவந்தார். மதிய விசிலை அடித்துவிட்டு மறுபடி வீட்டுக்கு ஓடினார். தெரு அமைதியாக இருந்தது. அவள் தட்டைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கே மந்திரிக்கச் சொல்வார்கள்.

இப்படியிருக்கையில் ஏற்றுமதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தொழிற்சாலையை ஆய்வாளர் அம்மா நேரில் பார்க்கப் போகிறாராம். உரிமத்துக்காகக் கொடுத்த காகிதத்தில் அறுபது பெண்கள் கொட்டை உடைக்கிறார்கள், ஆளைக் காட்டாவிட்டால் உரிமம் ரத்தாகிவிடும். மேனேஜர் தலையில் கைவைத்து ஒரு நாள் உட்கார்ந்திருந்தார். பிறகு ஆள் அனுப்பி அறுபது பேரையும் ஒரே ஒரு நாளைக்கு வரச் சொன்னார்.

அன்று காலை ஏழரைக்குக் கூடத்தைத் திறந்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து, யாரும் காட்டாமலே அவரவர் மெஷினுக்குப் போய் நின்றார்கள். மேனேஜர் அவர்கள் கையைப் பார்த்ததும் அலறிவிட்டார். எல்லாக் கையும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. கொட்டை உடைப்பவளின் கையா அது? ஆய்வாளர் அம்மா பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஓட்டெண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொருவரையும் கையை அதில் முக்கி எடுக்கச் சொன்னார். இரண்டு வருடமாக இளகிப்போன தோல் அது. பார்த்துக்கொண்டிருந்த பாய்லர்காரருக்கே உடம்பு எரிந்தது. பெண்களில் ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை.

எக்ஸ்பிரஸ் தன் கையை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். சிரித்தாள்.

"இப்பத்தான் இது என் கை," என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "சட்டை போட்ட குச்சி இங்க என்ன வேடிக்கை பாக்குது? போய் விசிலை அடிங்க, மணியாச்சு," என்றாள்.

பாய்லர்காரர் அந்தக் கேலியைக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஓடிப்போய்க் கயிற்றை இழுத்தார்.

ஆய்வாளர் அம்மா பத்து மணிக்கு வந்தார். ஆளை எண்ணினார், கையைப் பார்த்தார், ஒரு பருப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அறுபது பேர் உடைக்கிற சத்தத்தில் அவர் கேட்டது யாருக்கும் கேட்கவில்லை, சொன்ன பதில் அவருக்கும் கேட்டிருக்காது. முத்திரை குத்திவிட்டு அரை மணியில் போய்விட்டார். மேனேஜர் வழியனுப்பிவிட்டு வந்து கைதட்டினார்.

"போதும்மா, போதும். எல்லாரும் எழுந்திருங்க. கையைக் கழுவிட்டு வீட்டுக்குப் போங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. கத்திப் பார்த்தார். கதவோரம் இருந்த வயதான பெண் மட்டும் தலையைத் தூக்காமல் மரியாதையாகச் சொன்னார்: "விசிலுக்கு முன்னாடி எழுந்தா அரை நாள் கூலி பிடிப்பீங்களே சார்."

"இன்னிக்குப் பிடிக்கலம்மா! எழுந்திரு!"

கை நிற்கவில்லை. அவர்களுக்கு முன்னால் இருந்த தொட்டிகளில் பேருக்குக் கொஞ்சம் கொட்டைதான் போட்டிருந்தது. அது தீர்ந்ததும் ஒருத்தி, "கொட்டை!" என்று குரல் கொடுத்தாள். மூட்டை சுமப்பவருக்கு ஒட்டகம் என்று பெயர். வாசலில் கப்பலுக்காக லாரியில் ஏற்றியிருந்த நாற்பது மூட்டையில் ஒன்றை இறக்கி, முதுகில் போட்டு, கூடத்துக்குள் கொண்டுவந்து தொட்டியில் கவிழ்த்தார். "யோவ், அது ஏற்றுமதிச் சரக்குய்யா!" என்று மேனேஜர் குறுக்கே போய் நின்றார். ஒட்டகம் வழியில் கிடக்கும் கல்லைச் சுற்றிப் போகிறவரைப் போல அவரைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்த மூட்டையை எடுத்தார். அவர் கண்ணும் திறந்துதான் இருந்தது.

மேனேஜர் பாய்லர் அறைக்கு ஓடிவந்தார். வேர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

"கயிறை இழுய்யா! ஓட்டை உடைச்சுட்டா அது பருப்பாயிடும், அங்க முப்பது வரி! ஒரு மூட்டை போகாது. மொத்த லாரியும் போச்சு. இழு!"

பாய்லர்காரர் ஜன்னல் வழியே கூடத்தைப் பார்த்தார். எக்ஸ்பிரஸ் பக்கத்து மெஷின்காரியிடம் ஏதோ சொல்ல, அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அவர் கேட்காத குரல். கயிற்றை இழுத்தால் அந்தக் குரல் வீட்டுக்குப் போகும், அந்த நாற்காலியில் உட்காரும், வாயை மூடிக்கொள்ளும். மேனேஜர் தானே எட்டிக் கயிற்றைப் பிடிக்கப் போனார். அதற்குள் பாய்லர்காரர் ஆவி வால்வை முழுசாகத் திறந்துவிட்டு, அடுப்பு நெருப்பையும் வெளியே இழுத்துப் போட்டார். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. முற்றமெல்லாம் வெள்ளையாகி, எதிரில் நின்ற மேனேஜரே மறைந்துபோனார். முள் சரிந்து பூஜ்யத்தில் வந்து படுத்தது.

"இனி விசில் அடிக்காது சார். ஆவி இல்ல," என்றார் அவர்.

இது எங்கே போய் முடியும் என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டாமா? தெருவில் பார்த்தவர்தானே? யோசிக்கவில்லை. சந்தோஷம் வந்தால் மனிதனுக்கு மூளை மழுங்கிவிடும். மத்தியானம் முழுக்கக் கூடத்து வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் வந்தது, விசில் இல்லாததால் அதுவும் போயிற்று. யாருக்கும் பசிக்கவில்லை. பருப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்தது, ஓடு கறுப்பாகக் குவிந்தது. மேனேஜர் முதலாளிக்குப் போன் போட்டுப் போட்டு ஓய்ந்து, வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு மணிக்கு நாற்பதாவது மூட்டை தீர்ந்தது. ஒட்டகம் காலிச் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். சத்தம் மட்டும் நிற்கவில்லை. மாறியிருந்தது. நடுவில் கொட்டை இல்லாமல் கத்தியும் கத்தியும் மோதுகிற இரும்புச் சத்தம், அறுபது மெஷினிலும் ஒன்றுபோல.

பாய்லர்காரர் உள்ளே ஓடினார். எக்ஸ்பிரஸின் இடது கை காலித் தொட்டியிலிருந்து ஒன்றுமில்லாததை எடுத்து, கத்திகளுக்கு நடுவே வைத்தது. கால் மிதித்தது. காலையில் வந்த சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. 

"தீர்ந்துபோச்சு. வா, வீட்டுக்குப் போகலாம்."

"விசில் அடிக்கலையே."

"விசில் அடிக்கிறவனே நான்தானே? நான் சொல்றேன், எழுந்திரு."

அவள் அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "நீங்க யாரு சொல்றதுக்கு? பாய்லர்காரர் அடிக்கணும்."

கத்தி மூடியபோது அவளுடைய ஆள்காட்டி விரல் நுனி அதற்குள் இருந்தது. ரத்தம் கறுப்புக் கையில் கோடாக வழிந்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்ததை எடுத்து வைத்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். குச்சி உடம்பின் பலமெல்லாம் சேர்த்து இழுத்தும் அது அவர் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கத்திக்கே போயிற்று. பக்கத்து வரிசையிலும் ஒருத்தியின் விரலில் ரத்தம்.

ஆறிப்போன பாய்லரில் விசிலுக்கு ஆவி ஏற இரண்டு மணி நேரம் ஆகும். பைத்தியம் பிடித்தவரைப் போல அவர் அடுப்பை மூட்டினார். அன்று உடைத்த ஓட்டையே கூடை கூடையாக அள்ளிப் போட்டார். எண்ணெய் ஓடு, சடசடவென்று பிடித்துக்கொண்டது. வாசலில் உட்கார்ந்திருந்த மேனேஜர் எழுந்து வந்து, தானும் ஒரு கூடையை எடுத்தார். இருவருமாக அள்ளினார்கள். ஒவ்வொரு இரும்புச் சத்தத்துக்கும் பாய்லர்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முள்ளைப் பார்த்தார். அது ஆடாமல் கிடந்தது. அசைந்தது. பிறகு மயிரிழை மயிரிழையாக ஏறியது. இரண்டு மணி நேரமும் அவர் வாய்விட்டு அழுதுகொண்டேதான் நெருப்புப் போட்டார், யார் பார்த்தால் என்ன?

ஆறேகாலுக்குக் கயிற்றை இழுத்தார். விசில் தொண்டை கட்டிய மாதிரி கரகரவென்று வந்தது. கூடத்தில் சத்தம் பட்டென்று நின்றது. அறுபது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, எண்ணெய் போக வாசலில் வைத்திருந்த சாம்பலில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, வரிசையாக வெளியே வந்தார்கள்.

எக்ஸ்பிரஸ் அவரிடம் வந்து நின்றாள். விரலில் அவர் துணி சுற்றும்போது "ஸ்..." என்று கையை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு வலித்ததில் அவருக்கு உயிர் வந்தது.

"என்ன இன்னிக்கு இவ்ளோ லேட்டா அடிச்சீங்க?" என்றாள். "கால் கடுக்குது. ரெண்டு பேரும் சாப்பிடாமயே வேலை பாத்திருக்கோம் போல. மகளுக்குப் போன் பண்ணணும், ரொம்ப நாளாச்சு அவகிட்டப் பேசி."

பின்னால் மேனேஜர் கூடத்துக் கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, சாவியைத் திருப்புகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை வரை பேசிக்கொண்டே வந்தாள்.

"நாளைக்கும் எட்டு மணிதானே?"

பாய்லர்காரர் ஒருமுறை பூட்டிய கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எட்டு மணிதான்," என்றார்.

அப்படியானால் சீக்கிரம் சமைத்துச் சீக்கிரம் படுக்க வேண்டும் என்று சொல்லி, அவரை முந்திக்கொண்டு அவள் வேகமாக நடந்தாள்.